மூலமாகிவிட்ட மொழிபெயர்ப்புகள்

விவிலியம் ஒரே காலத்தில் ஒருவர் கையால் எழுதப்பட்ட நூல் அன்று என்பதும், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக் கால இடைவெளியில் பலர் எழுதித் தொகுத்த நூல்களின் தொகுதி அது என்பதும் பலரும் அறிந்தவையே. அதன் முற்பகுதியாகிய பழைய ஏற்பாடு எபிரேய மொழியிலும், தானியேல், எஸ்ரா ஆகிய நூல்களின் சில பகுதிகள் எபிரேயத்தின் உறவுமொழியாகிய அரமேயத்திலும் எழுதப்பட்டன. பிற்பகுதியாகிய புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில், அதிலும் கொய்னே எனப்படும் பேச்சுவழக்குக் கிரேக்கத்தில் அமைந்தது. இயேசு தம் மாணவர்களிடம் பேசியது அரமேயம் என்பதால், அவருடைய சொற்கள் நற்செய்தி நூல்களில் முதன்முதலாக எழுத்தேறியபோதே மொழிபெயர்ப்பாகத்தான் ஏறின. சிறுமி ஒருத்தியை எழுப்பும்போது அவர் சொன்ன ‘தலித்தா கூம்’ போன்ற சில தொடர்கள் மட்டுமே அரமேய ஒலியோடு மாற்கு நற்செய்தியில் தங்கியுள்ளன. எனவே இந்நூலைப் பொறுத்தவரை மூலம் எது, மொழிபெயர்ப்பு எது என்ற கோடு தொடக்கத்திலிருந்தே மங்கலானது. அதற்குப் பிந்தைய வரலாற்றில் அக்கோடு மேலும் மேலும் அழிந்துகொண்டே வந்தது. ஒரு தலைமுறை தயங்கித் தயங்கி ஏற்ற மொழிபெயர்ப்பை அடுத்த தலைமுறை இறைவாக்காகவே கொண்டதும், அதைத் திருத்த வந்தவரை மறையைக் கெடுக்க வந்தவராகக் கண்டதும் பல நாடுகளில் பல நூற்றாண்டுகளாக நிகழ்ந்திருக்கின்றன.

இந்த ஆபத்தை முதலில் உணர்ந்தவர்கள் யூத மறைநூல் அறிஞர்கள். பாபிலோனிய அடிமைத்தனத்துக்குப் பின் யூத மக்களிடையே அரமேயம் பரவி எபிரேயம் மறையத் தொடங்கியபோது, தொழுகைக்கூடத்தில் மறைநூல் வாசிக்கப்படும்போதே அதை அரமேயத்தில் பெயர்த்துச் சொல்ல ஒருவரை நிறுத்தும் வழக்கம் உருவாயிற்று. இவ்வாறு சொல்லப்பட்ட பெயர்ப்புக்குத் தார்கூம் என்று பெயர். தோரா எனப்படும் மோசேயின் ஐந்து நூல்களை ஒருவர் வாசிக்க, ஒவ்வொரு வசனம் முடிந்ததும் மற்றவர் அதை மொழிபெயர்ப்பார். அவர் தம் முன் ஏடு எதையும் வைத்துக்கொண்டு வாசிக்கக் கூடாது என்றும், அவருடைய குரல் மூலத்தை வாசிப்பவரின் குரலைவிட ஓங்கக் கூடாது என்றும் ரபிகள் விதி வகுத்தனர். கேட்பவர் எது மறை, எது அதன் பெயர்ப்பு என்று ஒருகணமும் மயங்கிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். விவிலிய மொழிபெயர்ப்பின் நெடிய வரலாற்றில், மொழிபெயர்ப்பு தன் இடத்தை மீறாமல் இருக்க இவ்வளவு தெளிவாக ஏற்பாடு செய்தவர்கள் வேறு யாருமில்லை என்றே சொல்லலாம்.

எகிப்தின் அலெக்சாந்திரியாவில் நடந்தது இதற்கு நேர்மாறானது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அந்நகரில் பெருந்தொகையாக வாழ்ந்த யூதர்கள் கிரேக்கமே பேசினர். அவர்களுக்காகத் தோரா கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டது. ஏனைய நூல்கள் அதன்பின் ஒவ்வொன்றாகப் பெயர்க்கப்பட்டன. இத்தொகுதியே செப்துவாசிந்தா, அதாவது எழுபதின்மர் மொழிபெயர்ப்பு. இரண்டாம் தாலமி மன்னரின் வேண்டுகோளுக்கு இணங்கி எருசலேமிலிருந்து வந்த 72 மூப்பர்கள் 72 நாள்களில் இப்பணியை முடித்ததாக அரிஸ்தேயாவின் மடல் என்னும் பழைய நூல் கூறுகிறது. அதில் மூப்பர்கள் கூடிப் பேசி, ஒப்பிட்டு, உடன்பட்டே சொற்களைத் தேர்ந்தெடுக்கின்றனர். பின்னர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய ஃபீலோ என்னும் யூத மெய்யியலாளரிடம் இக்கதை வளர்ந்துவிடுகிறது. மொழிபெயர்த்தவர் ஒவ்வொருவரும் மறைவாக யாரோ சொல்லச் சொல்ல எழுதியவர்போல ஒரே சொற்களையே எழுதினர் என்கிறார் அவர். பணி நடந்த ஃபாரோஸ் தீவில் ஆண்டுதோறும் விழா எடுக்கப்பட்டது என்ற செய்தியையும் அவரே தருகிறார். குழுவாக அமர்ந்து செய்த உழைப்பு மூன்று நூற்றாண்டுக்குள் அருட்செயலாகிவிட்டதற்கு இவ்விரு நூல்களுமே சான்று. புதிய ஏற்பாட்டின் ஆசிரியர்கள் பழைய ஏற்பாட்டைப் பெரும்பாலும் இந்தக் கிரேக்க வடிவிலிருந்தே எடுத்தாண்டனர். தொடக்ககாலக் கிறித்தவர்களில் பெரும்பாலோருக்கு அதுவே மறை. எபிரேயம் தெரிந்தவர் அவர்களில் மிகச் சிலர்.

அந்த மிகச் சிலரில் ஒருவர் ஜெரோம். உரோமைத் திருத்தந்தை தமாசு, ஒன்றுக்கொன்று முரண்பட்டுக் கிடந்த பழைய லத்தீன் பெயர்ப்புகளைச் செப்பனிடும் பணியை கி.பி. 382ஆம் ஆண்டளவில் அவரிடம் ஒப்படைத்தார். நற்செய்தி நூல்களைத் திருத்தியதோடு நில்லாமல் பெத்லகேமில் குடியேறிய ஜெரோம், பழைய ஏற்பாட்டை கிரேக்கத்தைத் தாண்டிச் சென்று எபிரேயத்திலிருந்தே நேராக லத்தீனுக்குக் கொண்டுவர முற்பட்டார். வுல்காத்தா என்று பிற்காலத்தில் பெயர்பெற்ற லத்தீன் விவிலியத்தின் பெரும்பகுதி அவர் கைப்பட்டது. அன்று அது எவ்வாறு வரவேற்கப்பட்டது என்பதை, ஆயர் அகுஸ்தீன் 403ஆம் ஆண்டளவில் ஜெரோமுக்கு எழுதிய மடல் ஒன்று காட்டுகிறது. இன்றைய லிபியாவின் திரிப்பொலியாகிய ஓயா நகரில், ஆயர் ஒருவர் யோனா நூலை ஜெரோமின் புதிய பெயர்ப்பில் வாசிக்கச் செய்தபோது கோயிலில் பெருங்கூச்சல் எழுந்தது. யோனாவின் தலைக்கு மேல் நிழல் தரும்படி கடவுள் முளைக்கச் செய்த செடி, தலைமுறை தலைமுறையாகச் சுரைக்கொடி என்றே மக்கள் காதில் ஒலித்து வந்திருக்க, ஜெரோம் அதை ஐவி என்னும் படர்கொடியாக மாற்றியிருந்தார். யூதர்களிடம் விசாரித்தபோது அவர்களும் புதிய சொல்லுக்கு ஆதரவு தரவில்லையாம். மந்தை தம்மைவிட்டுப் போய்விடுமோ என்று அஞ்சிய அந்த ஆயர் பழைய சொல்லுக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

ஜெரோம் தந்த விளக்கம் சுவையானது. எபிரேயத்தில் கிக்காயோன் எனப்படும் அச்செடி பலஸ்தீனத்து மணற்பாங்கில் வளர்வது, கொடிமுந்திரி இலை போன்ற அகன்ற இலை உடையது, பற்றுக்கோல் இல்லாமல் தன் தண்டிலேயே நிற்பது என்று அவர் நேரில் கண்டதுபோல விவரிக்கிறார். லத்தீனில் அதற்குப் பெயர் இல்லாததால், தமக்கு முன்பிருந்த மொழிபெயர்ப்பாளர்களைப் பின்பற்றி ஐவி என்று எழுதிவிட்டதாகவும் ஒப்புக்கொள்கிறார். அவர் விவரித்த செடி ஆமணக்கு என்று இன்றைய ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். தமிழ் வேதாகமத்தில் யோனாவுக்கு நிழல் தருவது ஆமணக்குச் செடிதான். லத்தீனில் சொல் இன்றி ஜெரோம் தவித்த இடத்தில், வீட்டுக் கொல்லையிலேயே ஆமணக்கைக் கண்ட தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு எத்தொல்லையும் இருந்திருக்காது.

ஜெரோமின் விவிலியம் மெல்ல மெல்லவே வேரூன்றியது. ஒரு பகுதியில் அது கடைசிவரை வெல்லவே இல்லை. நாள்தோறும் பாடப்பட்ட திருப்பாடல்களை எபிரேயத்திலிருந்து அவர் புதிதாகப் பெயர்த்திருந்தும், மக்கள் நாவில் பழகிப்போன, கிரேக்கத்தை ஒட்டித் திருத்தப்பட்ட பழைய வடிவமே வுல்காத்தாவுக்குள் இடம்பெற்றது. பாடிப் பழகிய நூலை மாற்றுவது படித்துப் பழகிய நூலை மாற்றுவதைவிடக் கடினம் போலும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின், 1546இல், திரெந்து நகரில் கூடிய திருச்சங்கம் ஒருகாலத்தில் கூச்சல் கிளப்பிய அதே லத்தீன் விவிலியத்தையே திருச்சபையின் அதிகாரபூர்வமான பாடமாக அறிவித்தது.

அதற்குள் அச்சுக்கலை வந்துவிட்டிருந்தது. 1450களில் மைன்ஸ் நகரில் கூட்டன்பெர்க் அச்சிட்ட பெருநூலே வுல்காத்தாதான். ஆனால் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தை அச்சில் முதலில் வெளியிட்ட பெருமை எராஸ்முஸ் என்னும் ஒல்லாந்து அறிஞருக்கு உரியது. 1516இல் பாசெல் நகரில் அவசர அவசரமாக அச்சேறிய அந்தப் பதிப்புக்கு அவர் கையிலிருந்தவை அவ்வளவாகப் பழமையில்லாத சில கையெழுத்துப் படிகளே. திருவெளிப்பாட்டு நூலுக்குக் கிடைத்தது ஒரே ஒரு படி; அதிலும் கடைசி ஏடு இல்லை. இறுதி ஆறு வசனங்களுக்கு மூலம் கிடைக்காத நிலையில், எராஸ்முஸ் வுல்காத்தாவை எடுத்துவைத்து அதன் லத்தீனைத் தாமே கிரேக்கத்தில் பெயர்த்து அச்சுக்குக் கொடுத்துவிட்டார். மொழிபெயர்ப்பு மூலமாவது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

அதன் விளைவு ஒன்று தமிழ் வரை வந்து சேர்ந்தது. திருவெளிப்பாட்டு நூலின் இறுதி அதிகாரத்து 19ஆம் வசனத்தில், இவ்வெளிப்பாட்டின் சொற்களிலிருந்து எதையேனும் நீக்குபவனுக்கு வாழ்வின் மரத்தில் பங்கு இல்லாமற்போகும் என்றே பழைய கிரேக்கப் படிகள் கூறுகின்றன. லத்தீனில் மரத்தைக் குறிக்கும் லிக்னோ என்ற சொல்லும் நூலைக் குறிக்கும் லிப்ரோ என்ற சொல்லும் எழுத்தில் நெருங்கியவை. லத்தீன் படிகளை எழுதியவர்களில் யாரோ ஒருவர் கைதவறியதால் மரம் நூலாகியிருக்க வேண்டும். அதை எராஸ்முஸ் கிரேக்கமாக்கினார். அவருடைய பாடத்தைப் பின்பற்றிய ஐரோப்பிய மொழிபெயர்ப்புகள் அதை ஏற்றன. அவ்வழியாகவே தமிழ்ச் சீர்திருத்தச் சபையினர் இன்றும் வாசிக்கும் வேதாகமத்தில் அவ்விடத்தில் ஜீவபுஸ்தகம் என்று நிற்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியத்திலோ அது மரமாகத் திரும்பியிருக்கிறது. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்ற பழமொழியை இவ்வளவு நீண்ட தொலைவுக்குத் தொடர்ந்து சென்று காட்டக்கூடிய இடங்கள் அரிது.

யோவானின் முதல் மடல் ஐந்தாம் அதிகாரத்திலும் இத்தகைய சிக்கல் ஒன்று உண்டு. தந்தை, வார்த்தை, தூய ஆவி ஆகிய மூவரும் விண்ணுலகில் சான்று பகர்கின்றனர் என்ற தொடர் பழைய கிரேக்கப் படிகள் எதிலும் இல்லை. அது லத்தீன் மரபில் தோன்றி வளர்ந்தது. எராஸ்முஸ் தம் முதல் இரு பதிப்புகளிலும் அதைச் சேர்க்காமல் விட்டபோது, மூவொரு கடவுள் கோட்பாட்டுக்கே அவர் ஊறுவிளைவிப்பதாகக் கண்டனம் எழுந்தது. 1522ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் அதைச் சேர்த்துவிட்டார். மூலத்தைக் காட்டியவரைப் பார்த்து, மூலத்தில் இல்லாததை ஏன் நீக்கினாய் என்று கேட்ட இந்நிகழ்ச்சியில், மொழிபெயர்ப்புக்குப் பழகிவிட்ட செவியின் ஆற்றல் முழுமையாக வெளிப்படுகிறது.

எராஸ்முசின் கிரேக்கப் பாடமே மார்ட்டின் லூத்தருக்கும் வில்லியம் டின்டேலுக்கும் கைகொடுத்தது. வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்த லூத்தர் பதினொரு வாரங்களில் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் ஆக்கி 1522இல் வெளியிட்டார்; முழு விவிலியம் 1534இல் வந்தது. தாய்நாட்டில் இடமின்றி ஜெர்மனிக்குச் சென்று 1526இல் ஆங்கிலப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட டின்டேல், 1536இல் பிரசெல்சுக்கு அருகில் கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார். அவருடைய தொடர்கள் பெருமளவில் 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் மன்னர் விவிலியத்துக்குள் புகுந்தன. அவ்விவிலியமும் வந்தவுடன் மாலை மரியாதையோடு ஏற்கப்படவில்லை. அக்காலத்து எபிரேய அறிஞர் ஹியூ பிராட்டன் அதைக் கடுமையாகச் சாடினார். பொதுமக்கள் பலர் பல ஆண்டுகள் தமக்குப் பழகிய ஜெனீவா விவிலியத்தையே விடாமல் வைத்திருந்தனர். இருந்தும் 1881இல் அதன் திருத்தம் வெளிவந்தபோது, ஆங்கில உலகம் தன் மறையே சிதைக்கப்பட்டதாக முறையிட்டது.

தமிழில் இவ்வரலாறு மேலும் நெருக்கமாக நடந்தேறியது. இந்திய மொழிகளில் முதன்முதலாக அச்சேறிய புதிய ஏற்பாடு தமிழினுடையது. டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரடெரிக் அனுப்ப 1706 சூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியர் பார்த்தலோமேயு சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றவர். 1708இல் தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை அவர் 1711இல் முடித்தார். அச்சுக்கருவி இங்கிலாந்திலிருந்தும் தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்தும் கடல்வழி வந்தன. கருவியைக் கொண்டுவந்த கப்பல் வழியில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி மீண்டது. உடன் வந்த அச்சர் வழியிலேயே இறந்துபோனார். ஹாலேயில் வார்த்த எழுத்துகள் அளவில் பெரியவையாக இருந்ததால் தாள் மளமளவென்று தீர்ந்தது. எனவே நற்செய்திகளும் திருத்தூதர் பணிகளும் பெரிய எழுத்தில் 1714இல் வந்த பின், எஞ்சிய பகுதி தரங்கம்பாடிப் பகுதியிலேயே வார்க்கப்பட்ட சிற்றெழுத்தில் 1715இல் வெளிவந்தது. அவ்வெழுத்துகளுக்கான ஈயம் இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் உறையிலிருந்து எடுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது.

பழைய ஏற்பாட்டில் ரூத்து நூல் வரை பெயர்த்திருந்த சீகன்பால்கு 1719இல் 36 வயதில் இறந்தார். பெஞ்சமின் ஷுல்ட்சே எஞ்சியதை முடிக்க, முழு விவிலியம் 1728இல் நிறைவுற்றது. கடற்கரைப் பேச்சுத்தமிழ் கலந்த இந்நடையை, தமிழ்ப் புலமையில் யாருக்கும் இளைக்காத வீரமாமுனிவர் வேதவிளக்கம் என்னும் தம் நூலில் எள்ளி நகையாடினார். அவர் இயேசு சபையினர் என்பதால் அவருடைய கண்டனத்தில் சமயப்பகை கலந்திருந்தது உண்மையே. ஆயினும் நடை பற்றிய குறை முற்றிலும் பொய்யன்று.

அக்குறையைப் போக்கியவர் யோகான் பிலிப் ஃபபிரிசியுஸ். 1740இல் தமிழகம் வந்து, பின்னர் சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் பணியாற்றிய அவர், பெயர்த்த பகுதிகளைத் தமிழர்களுக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் எங்கே தயங்கினர் என்று கண்டு திருத்தி எழுதினார். 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபோது அங்கிருந்து கைப்பற்றிக் கொண்டுவரப்பட்ட அச்சுக்கருவி வேப்பேரிக்கு வந்து சேர்ந்தது. அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் அச்சாயிற்று. பழைய ஏற்பாட்டின் அச்சுப்பணி 1791இல் அவர் இறந்த பிறகே முழுமையுற்றது. இன்றுவரை தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளின் செபமொழியில் கேட்கும் தாளம் அவர் அமைத்ததுதான் என்றால் மிகையாகாது.

ஆனால் அரை நூற்றாண்டுக்குள் பாளையங்கோட்டையில் பணியாற்றிய மறைப்பணியாளர் ரேனியுஸ் அதைத் திருத்த முனைந்தார். மூலத்தின் வாக்கிய அமைப்பை விட்டுத் தமிழ் மரபுக்கு இசைய எழுத வேண்டும் என்பது அவர் கொள்கை. 1833இல் அவருடைய புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. இதற்கு எழுந்த எதிர்ப்பில் முன்னின்றவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். அரசவையில் மதிப்புப்பெற்ற கவிஞரான அவர், 1820களின் இறுதியில் புதிய பாதிரிமார் இழைத்த கொடுமைகள் என்று நான்கைப் பட்டியலிட்டபோது முதலாவதாக வைத்தது வேதத்தை மாற்றியதைத்தான். சாதிகளை ஒன்றாக அமரவைத்ததும், கோயிலில் பூவையும் தமிழ் இசையையும் விலக்கியதும் அதற்கு அடுத்தே வந்தன. அப்பட்டியலின் சாதிப் பற்றை இன்று யாரும் ஏற்க இயலாது. எனினும் ஜெர்மானியர் ஒருவர் வேப்பேரியில் செய்த மொழிபெயர்ப்பு, இரண்டு தலைமுறைக்குள் தமிழ்க் கவிஞர் ஒருவர் தம் சொந்த உடைமையாகக் கருதிப் போராடும் நிலைக்கு வந்துவிட்டது என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது.

யாழ்ப்பாணத்தில் மறைப்பணியாளர் பீட்டர் பெர்சிவல், சைவரான ஆறுமுக நாவலரின் துணையோடு ஆக்க, 1850இல் வெளிவந்த மொழிபெயர்ப்பும் இதே பாறையில் மோதியது. அதன் செம்மையை எவரும் மறுக்கவில்லை. தமிழகத்துக் கிறித்தவர்களின் காதுக்கு அது அயலாக இருந்தது, அவ்வளவே. இவ்வனுபவத்தைக் கருத்தில் கொண்ட ஹென்றி பவர், சென்னை வேதாகமச் சங்கத்தின் சார்பில் 1857இல் பணி தொடங்கியபோது, ஃபபிரிசியுசின் பெயர்ப்பையே அடித்தளமாக வைத்து, முத்தையா பிள்ளை என்னும் தமிழறிஞரின் துணையோடும் யாழ்ப்பாணத்தாரின் கருத்தையும் கேட்டும் திருத்தினார். 1871இல் நிறைவுற்ற இந்த ஐக்கிய மொழிபெயர்ப்பைப் பெரும்பாலான சபைகள் ஏற்றன. லூத்தரன் சபையினர் மட்டும் இருபதாம் நூற்றாண்டு வரை ஃபபிரிசியுசை விட்டுக்கொடுக்கவில்லை.

பவரின் விவிலியம் நிலைத்த பிறகு அடுத்த சுற்று தொடங்கியது. லார்சன் முதலியோர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேற்கொண்ட திருத்திய மொழிபெயர்ப்பு அறிஞர் மதிப்பைப் பெற்றும் ஞாயிறு வழிபாட்டில் இடம்பிடிக்கவில்லை. 1947 முதல் சாக்கடல் குகைகளில் கிடைத்த சுருள்கள், அதுவரை அறியப்பட்ட முழுமையான எபிரேயப் படிகளைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பழமையான எசாயா நூலைக் கையில் தந்தன. புதிய ஏற்பாட்டுக்கும் எராஸ்முஸ் கண்டிராத பழம்படிகள் பல கிடைத்துவிட்டன. இவற்றின் பயனையெல்லாம் ஏற்று, கத்தோலிக்கரும் பிற சபையினரும் பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்து உருவாக்கியதே 1995ஆம் ஆண்டின் திருவிவிலியம். யூதரின் எபிரேயத் தொகுதியில் இல்லாமல் கிரேக்கச் செப்துவாசிந்தாவில் மட்டும் இடம்பெற்ற நூல்களை ஒரு சாரார் ஏற்பதும் மறு சாரார் ஏற்காததும் காரணமாக, அந்நூல்களோடும் அவை இல்லாமலும் இரு வகையாக அது அச்சிடப்பட்டது.

கத்தோலிக்கத் திருப்பலிகளில் அதுவே இன்று வாசிக்கப்படுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் வரை திருப்பலி லத்தீனில் நடந்ததால், தமிழில் வேரோடிய ஒரு வழிபாட்டு விவிலியம் அவர்களுக்கு இருக்கவில்லை; எனவே புதியதை ஏற்பதில் பெருந்தடையும் இல்லை. மற்றச் சபைகளில் நிலைமை வேறு. போதகர் வீட்டு மேசையில் திருவிவிலியம் இருக்கும். வசனம் விளங்காத இடத்தில் அவர் அதைப் புரட்டிப் பார்ப்பார். பிரசங்கத்திலும் அதன் சொல்லாட்சியைச் சொல்லி விளக்குவார். ஆனால் பீடத்தில் விரித்து வைத்து வாசிப்பதும், திருமணத்திலும் அடக்க ஆராதனையிலும் மக்கள் மனப்பாடமாகச் சொல்வதும் 1871இன் வேதாகமமே. அதைப் பழைய திருப்புதல் என்று குறிப்பது பதிப்பாளர் வழக்கம். வாசிப்பவர்கள் அதை வேதம் என்று மட்டுமே சொல்கின்றனர்.